நெற்றியில் நிற்காத நோட்டு

ஒரு தீவு நாட்டில் ஜனாதிபதியாக இருந்த அம்பலவாணர், பதவி போன பிறகு மங்களாம்பிகை என்ற துறவியின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவைவிட சீடருக்குத்தான் வயது அதிகம். காய் நறுக்கினார், முற்றம் பெருக்கினார். மனசு மட்டும் அடங்கவில்லை.

எப்படி அடங்கும்? ஆட்சியில் இருந்தபோது ஒரு சட்டம் போட்டிருந்தார். விடிந்தால் நாணயம் எதுவும் செல்லாது, அவர் முகம் அச்சடித்த நோட்டுதான் செல்லும். சபையில் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சட்டமாகிவிட்டது.

மடத்துக்குப் பின் தெருவில் கருவாடு விற்கும் சிவக்கொழுந்து, மனைவியின் கண் ஆபரேஷனுக்காகப் பானை நிறைய நாணயம் சேர்த்து வைத்திருந்தார். அவ்வளவும் பழைய இரும்பாகப் போனது. அந்த அம்மாளுக்குக் கண்ணும் போனது.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும் அம்மா" என்று அம்பலவாணர் வந்த அன்றே சொன்னார்.

"போய்க் கேளுங்க."

"நாளைக்குப் போறேன்."

குரு தினமும் கேட்டாள். "போனீங்களா?"

"நாளைக்கு, அம்மா."

சட்டம் போட அவ்வளவு அவசரப்பட்ட மனுஷன், பின் தெருவுக்குப் போக ஒரு வருஷம் இழுத்தடித்தார். ஒரு நாள் காலையில் சிவக்கொழுந்து போய்ச் சேர்ந்தார் என்று செய்தி வந்தது. குரு அம்பலவாணரைக் கையோடு சாவு வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

இறந்தவர் நெற்றியில் நாணயம் வைப்பது அந்த ஊர் வழக்கம். நாணயம்தான் இல்லையே, நோட்டை வைத்தார்கள். கடல் காற்று அதைத் தூக்கித் தூக்கி எறிந்தது.

"செத்தும் இந்தப் பாவி மூஞ்சியா இவருக்கு!" என்றாள் ஒரு பெண். தாடியும் காவியுமாக நின்றவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"நீங்க பிடிச்சுக்கோங்க" என்றாள் குரு.

அம்பலவாணர் உட்கார்ந்து, நோட்டில் இருந்த தன் முகத்தைத் தானே அந்தக் குளிர்ந்த நெற்றியில் அழுத்திப் பிடித்தார்.

கண் தெரியாத மனைவி தடவிப் பார்த்து அவர் விரல்களைத் தொட்டாள். "யாருய்யா அது? நல்லா இருப்பே, சாமி!"

அவர் மனசுக்குள் புலம்பினார்: ஐயோ, ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா!

"அம்மா" என்று குருவிடம் முணுமுணுத்தார், "இப்பவாவது நான் யாருன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா கையை எடுத்துடாதீங்க."