பூஜ்யத்துக்கும் கீழே ஒரு விருந்தாளி

போர் இல்லாத நாட்களில் ராஜாக்களுக்குப் பொழுதே போகாது என்றிருந்த முன்னொரு காலத்தில், எழுகடல்வர்மர் என்றொரு அரசர் ஒரு நாட்டை ஆண்டு வந்தார். ஏழு கடலும் பெயரில்தான். அவர் நாட்டில் இருந்தது ஒரே ஒரு ஏரி. அதுவும் நல்ல மழை பெய்தால்தான் நிறையும்.

அந்த அரசருக்குத் திடீரென்று கணக்குப் பைத்தியம் பிடித்தது. அனந்தகணிதர் என்றொருவர் வெளியூரிலிருந்து வந்து, புதிர்க்கணக்குகளைப் பாட்டாகப் பாடி ஆஸ்தானக் கணிதர் பதவியை வாங்கிக்கொண்டார். அன்று தொடங்கியது வினை. இனி அரசர் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தால் கணக்காகத்தான் சொல்வார், அவர் எண்ணைக் கேட்டாலும் கணக்காகத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முரசறைந்து அறிவித்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசருக்குக் கணக்குப் போடத் தெரியாது. கேட்கத்தான் ஆசை. கணக்கைக் கட்டிக்கொடுப்பதும் அனந்தகணிதர்தான், விடையை அரசர் காதில் ஓதுவதும் அவர்தான். அரசர் தாமே கண்டுபிடித்தது போல மீசையைத் தடவிக்கொள்வார்.

அரண்மனையே அல்லோலகல்லோலப்பட்டது. யானைக்கு எத்தனை கட்டு தழை என்று பாகனுக்குத் தெரியவில்லை. கோட்டைவாசலில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்று காவலர் தலைவனுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அனந்தகணிதர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார்கள். அவர் குளித்து, பூஜை முடித்து, ஏப்பம் விட்டு வெளியே வந்து விடை சொல்லும்வரை நாட்டில் ஒரு வேலையும் நடக்காது. அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அரண்மனை விகடகவி தாண்டவனுக்கு இந்தக் கூத்தெல்லாம் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கூத்து அவன் வீட்டுக்குள்ளேயே வந்து அடித்தபோதுதான் வலித்தது. அவன் மனைவி பரிபூரணம் அரண்மனை மடைப்பள்ளியின் தலைமைச் சமையல்காரி. ஒருநாள் காலையில் அரசர் அவளுக்கு இப்படிச் சொல்லியனுப்பினார்: "யாம் உண்ணப்போகும் இட்லிகளை இரு மடங்காக்கி ஐந்தைக் கூட்டினால் வருவதும், அதே இட்லிகளோடு பன்னிரண்டைக் கூட்டினால் வருவதும் சமம். அத்தனை இட்லிகள் வரட்டும்."

பரிபூரணம் காதில் விழுந்த எண்களையெல்லாம் கூட்டிப் பத்தொன்பது இட்லிகளை அனுப்பிவிட்டாள். இலையில் விழுந்ததை மிச்சம் வைப்பது அரச கௌரவத்துக்கு இழுக்கு என்று அரசர் பத்தொன்பதையும் தின்றுவிட்டு மத்தியானம்வரை குப்புறப் படுத்து முனகினார். இன்னொரு முறை தப்பினால் மடைப்பள்ளிக்கு வேறு ஆள் என்று எச்சரிக்கை வந்தது.

"பதினெட்டு வருஷமா சமைக்கிறேன். உப்புல தப்பினது கிடையாது, புளியில தப்பினது கிடையாது. இப்போ இந்தப் பாழாப்போன கணக்குல தப்பிட்டேனேங்க!" என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

தாண்டவனுக்கு மனசு கேட்கவில்லை. மடைப்பள்ளியிலிருந்த காய்கறித் தராசை இழுத்துத் தரையில் வைத்தான்.

"இங்க பாரு. ராஜா எத்தனை இட்லி கேட்கிறார்னு தெரியலை. தெரியாததை என்ன செய்வோம்? மூடி வைப்போம். இந்த மூடின பானைதான் அவர் கேட்கிற இட்லி. ரெண்டு மடங்கும் அஞ்சும்னா, இந்தத் தட்டுல ரெண்டு பானை, அஞ்சு எலுமிச்சம்பழம். அந்தத் தட்டுல ஒரு பானை, பன்னிரண்டு பழம். ரெண்டு தட்டும் சமம்னு ராஜாவே சொல்லிட்டார். இப்போ நீ இங்கிருந்து எதை எடுத்தாலும் அங்கிருந்தும் அதையே எடுக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

பரிபூரணம் யோசித்து, இங்கே ஒரு பானையை எடுத்தாள், அங்கேயும் ஒரு பானையை எடுத்தாள். இங்கே ஐந்து பழத்தை எடுத்தாள், அங்கேயும் ஐந்தை எடுத்தாள். ஒரு தட்டில் ஒற்றைப் பானை மிஞ்சியது. மறு தட்டில் ஏழு எலுமிச்சம்பழம்.

"அட! ஏழு இட்லியா? இதுக்கா அந்த மனுஷர் பாட்டுப் பாடினார்?"

அன்றிலிருந்து மடைப்பள்ளியில் கணக்குத் தப்பவில்லை. பாகன் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டான். காவலர் தலைவன் கற்றுக்கொண்டான். ஒரே வாரத்தில் 'பானைக் கணக்கு' அரண்மனை முழுக்கப் பரவிவிட்டது. பானை கிடைக்காதவர்கள் கவிழ்த்த கொட்டாங்கச்சியை வைத்துப் போட்டார்கள். அனந்தகணிதர் வழக்கம்போலக் குளித்து, பூஜை முடித்து, ஏப்பம் விட்டு வாசலுக்கு வந்தார். காக்கை ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு வயிறு எரிந்தது. நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, கணிதம் தெய்வ வித்தை. அதைச் சட்டிப் பானைக்குள் போட்டு இழிவுபடுத்துகிறான் தாண்டவன். மெய்யான கணக்கு ஒன்றை அடியேன் தருகிறேன். அதை அவன் முடித்தால் அவன் வித்தையை ஒப்புக்கொள்கிறேன். முடிக்காவிட்டால் அவன் மனைவியோடு இந்நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்" என்றார்.

புதுக் கணக்கு என்றதும் அரசர் சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "ஆகட்டும்! சொல்லும், சொல்லும்!"

அனந்தகணிதர் தொண்டையைச் செருமினார். "நாளை இச்சபைக்குச் சில விருந்தாளிகள் வருவார்கள். அவர்களை மும்மடங்காக்கிப் பத்தைக் கூட்டினால் வருவதும், அவர்களோடு எட்டைக் கூட்டினால் வருவதும் சமம். விடையை வாயால் சொன்னால் போதாது. நாளை உச்சிவேளைக்குள் அத்தனை விருந்தாளிகளையும் இங்கே வரவழைத்துக் காட்ட வேண்டும். கணக்கே தவறு என்று தாண்டவன் சொன்னால் தோற்றவனாவான். கணக்குச் சரியானதே என்று அடியேன் சபையறிய உறுதி கூறுகிறேன்."

"சம்மதமா, தாண்டவா?" என்று அரசர் கேட்டார்.

அரசர் கேட்டபின் சம்மதம் இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? தாண்டவன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வெயில் சாய்வதற்குள் தராசு கூடத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தட்டில் மூன்று பானையும் பத்துப் பழமும். அந்தத் தட்டில் ஒரு பானையும் எட்டுப் பழமும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பானையை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பழத்தை எடுத்தார்கள். இந்தத் தட்டில் இரண்டு பானையும் இரண்டு பழமும் மிஞ்சின. அந்தத் தட்டு துடைத்து வைத்தது போல இருந்தது.

"என்னங்க இது? ரெண்டு பானையும் ரெண்டு பழமும் சேர்ந்தா ஒண்ணுமில்லைன்னு வருதே! பானைக்குள்ள காத்து இருந்தாலும் கணக்கு உதைக்குது" என்றாள் பரிபூரணம்.

தாண்டவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று, சிரிக்க வைப்பது. அதை வைத்துக்கொண்டு வேற்று நாட்டில் போய் நின்றால் யார் வேலை தருவார்கள்? அங்கே ஏற்கெனவே ஒரு விகடகவி இருப்பான். அவனுக்கும் ஒரு வயிறு இருக்கும். உண்மையாகவே பயமாக இருந்தது அவனுக்கு.

"விடையே இல்லாத கணக்கைக் குடுத்திருக்கான் அந்தப் பாவி. நம்மள ஊரைவிட்டுத் துரத்தணும்னே குடுத்திருக்கான்."

பரிபூரணம் பானைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பந்தி பரிமாறியே பழகியவள். "இல்லைங்க. தட்டு காலியாகணும்னா, ஒவ்வொரு பானையும் ஒரு பழத்தை விழுங்கணும். அப்போ பானைக்குள்ள இருக்கிறது ஒண்ணுமில்லைக்கும் கீழே ஒண்ணு. அந்த மாதிரி விருந்தாளியை நான் பார்த்திருக்கேன். போன மாசம் கல்யாணத்துல உங்க சித்தப்பா வந்தாரே. அவர் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து போயிட்டார். பந்தியில ஆள் கூடவா செஞ்சுது?"

தாண்டவன் ஒரு கணம் விழித்தான். பிறகு துள்ளி எழுந்து, மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சித்தப்பாவைச் சொன்னதற்குக்கூட அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் உச்சிவேளைக்குச் சற்று முன்பு தாண்டவன் தனியாகச் சபைக்குள் நுழைந்தான்.

"எங்கே விருந்தாளிகள்?" என்று கேட்டார் அனந்தகணிதர். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் உதடு துடித்தது.

"வாசல்வரை வந்தாயிற்று. மகாராஜா, அதற்கு முன் இச்சபையில் இப்போது எத்தனை பேர் என்று எண்ணச் சொல்ல வேண்டும்" என்றான் தாண்டவன்.

காவலர் தலைவன் அரசர் முதல் சாமரம் வீசுபவர்வரை எண்ணினான். "எண்ணிக்கையோடு பத்தைக் கூட்டினால் ஐம்பது, மகாராஜா!" அரசர் பழக்கதோஷத்தில் அனந்தகணிதர் பக்கம் காதைச் சாய்த்தார். "நாற்பது" என்று காதில் ஓதப்பட்டதும் தலையசைத்தார்.

"இனி விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். பன்னீர்ச் செம்போடு வாசலுக்குப் போகிற முதல் மரியாதை இச்சபையில் யாருக்கு என்பது அடியேனுக்குத் தெரியாது. மந்திரியாருக்குத்தானோ என்னவோ..." என்று இழுத்தான் தாண்டவன்.

"மந்திரிக்கா? வித்வான்களில் மூத்தவன் நானிருக்க மந்திரிக்கா?" அனந்தகணிதர் பாய்ந்து பன்னீர்ச் செம்பைப் பறித்துக்கொண்டார். தோளில் கிடந்த பொன்னாடையை நீவிவிட்டார். விருந்தாளி யாருமே இருக்க முடியாது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் மரியாதை என்று வந்துவிட்டால் அவருக்குக் கணிதமெல்லாம் மறந்துவிடும். நிமிர்ந்த நெஞ்சோடு வாசலைக் கடந்து வெளியே போனார்.

"கதவைச் சாத்துங்கள்!" என்றான் தாண்டவன்.

கதவு சாத்தப்பட்டது. தாழும் விழுந்தது.

"இப்போது எண்ணச் சொல்லுங்கள், மகாராஜா."

காவலர் தலைவன் மறுபடி எண்ணினான். "பத்தைக் கூட்டினால் நாற்பத்தொன்பது!"

அரசர் காதைச் சாய்த்தார். ஓதுவதற்கு ஆளில்லை. அதனால் விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தொன்பது... ஒன்று குறைகிறதே?"

"ஆம், மகாராஜா. விருந்தாளி வந்துவிட்டார்" என்று தாண்டவன் வணங்கினான். "ஒருவர் வந்தால் சபையில் ஒன்று கூடும். இருவர் வந்தால் இரண்டு கூடும். யாரும் வராவிட்டால் சபை அப்படியே இருக்கும். கணிதர் பெருமான் தந்த கணக்குக்கு விடை பூஜ்யத்துக்கும் கீழே ஒன்று. அத்தகைய விருந்தாளி வந்தால் சபையில் ஒன்று குறைய வேண்டும். குறைந்துவிட்டது."

"இது சரியா என்று யாம் எப்படி அறிவது?"

"மும்மடங்கு வந்தால் மூன்று பேர் குறைந்து நாற்பது முப்பத்தேழாகும். பத்துப் பேரைச் சேர்த்தால் நாற்பத்தேழு. ஒரு மடங்கு வந்தால் முப்பத்தொன்பது. எட்டுப் பேரைச் சேர்த்தால்?"

அரசர் இரண்டு கை விரலும் போதாமல் மந்திரியின் விரல்களையும் வாங்கி எண்ணினார். "நாற்பத்தேழு! அதே நாற்பத்தேழு! சமம்!"

அதற்குள் வெளியே பன்னீர்ச் செம்பால் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. "திறங்கள்! மோசடி! விருந்தாளி வரவே முடியாது! அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது! விடை இல்லாதபடிதானே நான் கட்டிக்கொடுத்தேன்!"

அரசரின் முகம் சிவந்தது. "கணக்குச் சரியானது என்று உறுதி கூறியவர் இவர்தானே? விடை இல்லாததை எம்மிடமே விற்றாரா? உன்னை நாடு கடத்தப் பார்த்தாரா, தாண்டவா? கதவைத் திறங்கள், யாம் விசாரிக்கிறோம்!"

"ஒரு விண்ணப்பம், மகாராஜா" என்றான் தாண்டவன். "கதவைத் திறந்தால் கணிதர் உள்ளே வருவார். சபை மறுபடி நாற்பதாகும். அப்படியானால் விருந்தாளி புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். புறப்படும் விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்துவது தங்கள் குல வழக்கம். ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு இரண்டு. இவருக்கு எத்தனை என்று தாங்களே திருவாய் மலர வேண்டும்."

அரசர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு விரலை நீட்டினார், அதை மடக்கினார், இன்னும் மடக்க இடம் தேடினார். ஓதுவாரும் இல்லாமல், விரலும் உதவாமல் அரசர் தம் வாழ்நாளில் போட்ட முதல் கணக்கு அது.

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "பூஜ்யத்துக்கும் கீழே ஒன்று! கொடுக்கக் கூடாது, வாங்க வேண்டும்! கழற்றும் ஐயா அந்தப் பொன்னாடையை!"

கதவு திறந்தது. பன்னீரில் நனைந்து, வியர்த்து நின்ற அனந்தகணிதரின் தோளிலிருந்து பொன்னாடை கழன்றது. அரசர் அதைத் தம் கையாலேயே தாண்டவனுக்குப் போர்த்திவிட்டார். போர்த்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கிரீடம் ஒரு காதில் சரிய, சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரி சிரித்தார். சாமரம் வீசியவள் சாமரத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"கேள், தாண்டவா! என்ன வேண்டுமோ கேள்!"

"நாங்கள் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும், மகாராஜா. அத்தோடு, நூறு என்றால் நூறு என்றே தாங்கள் சொல்ல வேண்டும்."

"தந்தோம். உன் மனைவிக்கு நூறு பொன், உனக்கு நூறு பொன்" என்றார் அரசர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேராகவே சொல்லிவிட்டேன், பார்த்தாயா? எத்தனை சுலபமாக இருக்கிறது!" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.