'பேர்' என்ற ஆங்கிலச் சொல்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் சாத்தையா சாமியின் ஆசிரமம் இருந்தது. சாமிக்கு ஆங்கிலம் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதைத் தமிழிலும், சாமி சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல ஏகாம்பரம் இருந்தார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்து, வேலையை உதறிவிட்டு வந்து சீடரானவர். சாமிக்கு இடப்பக்கம் உள்ள கோரைப்பாய் அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு இசக்கி வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில், அமெரிக்காக்காரர்களோடு போனில் பேசும் வேலை பார்த்த பெண். ஏகாம்பரத்துக்குத் தொண்டை கட்டிய ஒரு நாளில் அவளை அந்தப் பாயில் உட்காரச் சொன்னார்கள். அவள் சொன்ன விதத்தில் வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். ஏகாம்பரம் மொழிபெயர்த்தபோது யாரும் சிரித்ததில்லை.

தொண்டை சரியான பிறகும் சாமி, "அந்தப் பிள்ளையே இருக்கட்டும்" என்றார்.

ஏகாம்பரம் தலையாட்டினார். அன்றிலிருந்து கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் விடும் பிழைகளை மனதுக்குள் திருத்திக்கொண்டிருப்பார். பிழை ஒன்றும் அகப்படாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

ஆடி மாதத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மிசஸ் மூட்லி என்ற அம்மாள் வந்தார். முகம் நம்மூர் முகம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பேருந்து நிறுத்தத்துக்குப் போய் அழைத்து வந்தவர் ஏகாம்பரம்தான். கார் விபத்தில் இறந்துபோன தன் ஒரே மகனின் சாம்பலை, முன்னோர்களின் ஆற்றில் கரைக்க அந்த அம்மாள் கொண்டுவந்திருந்தார். அதை ஏகாம்பரத்திடம் மட்டும் சொன்னார். எந்தப் படித்துறையில் கரைக்கலாம் என்று ஏகாம்பரமே காட்டினார்.

மறுநாள் காலை மிசஸ் மூட்லி சாமிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "ஐ போர் ஒன் சன். ஹி இஸ் கான். ஐ கேனாட் பேர் எனி மோர்."

இசக்கி சாமியின் பக்கம் சாய்ந்தாள். "ஒரு பையனைப் பெத்தாங்களாம் சாமி. அவன் போயிட்டானாம். இனிமே இவங்களால பெத்துக்க முடியாதாம்."

தூணருகே ஏகாம்பரம் நிமிர்ந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சாமி அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தார். "வேற பிள்ளை எதுக்கும்மா? போனவன் வருவான். பிள்ளைகள் கோவிச்சுக்கிட்டுப் போறதும் வர்றதும் இருக்கிறதுதான்."

இசக்கி அதை அழகாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மாளின் முகம் அப்படியே நின்றது. கைகூப்பிவிட்டு எழுந்தார். சற்று நேரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டிப் போவதைச் சாமி பார்த்தார். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

"நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

"நீங்க சொன்னதுல தப்பில்லை, சாமி. உங்களுக்குச் சொன்னதுலதான் தப்பு." ஏகாம்பரத்தின் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. "பேர்னு ஒரு சொல். சின்னச் சொல்தான், ஆனா ஆழம் தெரிஞ்சவங்கதான் தொடணும். பெத்துக்கிறதுக்கும் அதுதான், மரம் காய்க்கிறதுக்கும் அதுதான். பாரம் சுமக்கலாம், சாட்சி சொல்லலாம், ஒருத்தர் மேல உள்ள பகையை மனசுல வச்சிருக்கலாம், எல்லாத்துக்கும் பேர். கரடிக்கும் பேர். ரோட்டுல இடது பக்கம் திரும்புன்னு சொல்றதுக்குக்கூட. அப்புறம் பொறுத்துக்கிறது. அதுக்கே ஸ்டாண்ட், என்ட்யூர், டாலரேட்டுன்னு இன்னும் பல சொல் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நூல் வித்தியாசம்…"

"அந்த அம்மா எதைச் சொன்னா?"

ஏகாம்பரம் நிறுத்தினார். "மகன் செத்துட்டான். போயிட்டான்னா அதுதான் அர்த்தம். என்னால இனிமே பொறுக்க முடியலைன்னு சொன்னாங்க."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போய்க் கூட்டிட்டு வாரும்" என்றார் சாமி.

மிசஸ் மூட்லி பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் தவறு எப்படி நேர்ந்தது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்?"

"ஆமாம்."

அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். எழுந்து கூட வந்தார்.

திரும்பி வந்தபோது கோரைப்பாய் காலியாக இருந்தது. இசக்கி கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். "நீங்க உட்காருங்க சார்" என்றாள். அழுதிருந்தாள். "நீங்க இல்லைன்னா அந்த அம்மா அப்படியே ஊருக்குப் போயிருப்பாங்க."

ஏகாம்பரம் பாயில் உட்கார்ந்தார். எத்தனையோ நாளாக ஏங்கிய இடம். பாய் குத்துவதுபோல இருந்தது.

மிசஸ் மூட்லி பேசினார். மொழிபெயர்க்கிறவர் சொன்னவரின் வாயாகவே பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஏகாம்பரமும் அப்படியே சொன்னார். "என் மகன் செத்துட்டான். அவனோட சட்டையை நான் இன்னும் துவைக்கலை. என்னால பொறுக்க முடியலை." கடைசிச் சொல்லில் அவருக்குக் குரல் பிசிறியது. ஒருமுறை செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

சாமி அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பையனின் பேர் என்ன, என்ன சாப்பிடுவான், யாரைப் போல இருப்பான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில், அவன் பாட்டு என்ற பெயரில் கத்துவதைச் சொல்லும்போது சிரித்தும்விட்டார்.

அடுத்த நாள் காலை சாமியும் அவரோடு ஆற்றில் இறங்கினார். சாம்பல் கரைந்து போகிறவரை இடுப்பளவு நீரில் பக்கத்தில் நின்றார். பிறகு இசக்கி அந்த அம்மாளைக் கைப்பிடித்து மேலே அழைத்துப் போனாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். ஏகாம்பரம் அவர்கள் முதுகையே பார்த்தார்.

படித்துறையில் சாமி ஈர வேட்டியைப் பிழிந்தார்.

"நேத்து அந்தப் பிள்ளை தப்பாச் சொன்னப்போ உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவேயா?"

"அப்பவே."

"அந்த அம்மா எதுக்கு வந்திருக்கான்னும் தெரியும்."

"தெரியும், சாமி."

"பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

ஏகாம்பரம் ஏதேதோ சொல்லத் தொடங்கினார். சபையில் குறுக்கே பேசக்கூடாது என்றார். அந்தப் பெண்ணின் மனம் நோகும் என்றார். சாமி பிழிந்த வேட்டியை உதறிக் கல்லில் விரித்தார். ஏகாம்பரத்துக்குக் காரணங்கள் தீர்ந்துபோயின.

"அவ அந்த இடத்துல உட்கார்ந்திருந்தா, சாமி. என்னால பொறுக்க முடியலை."

சாமி திரும்பிப் பார்த்தார்.

"இதையேதான் நேத்தும் உம்ம வாயால கேட்டேன்."

"அது அந்த அம்மா சொன்னது."

"அவளுக்கு மகன் செத்தான்" என்றார் சாமி. "உமக்கு யார் செத்தா?"