உப்புச் சிலையும் ஓடிலாவின் மழையும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மழைக்குக் காது கேட்ட காலத்திலே, ஜெர்மனி தேசத்தில் மோசல் என்ற ஆற்றங்கரையில் ஒரு தூத்துக்குடிக்காரன் உப்பு மூட்டைகளோடு வந்து இறங்கினான். பெயர் பேச்சிமுத்து. கூடவே அவன் பெண்டாட்டி இருளாயி. அத்தனை தூரம் எதற்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள். உப்பு வேண்டாத ஊர் உலகத்தில் உண்டா?

இறங்கியதும் பிடித்துக்கொண்டது மழை. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழை என்றாலே வயிற்றெரிச்சல். மூட்டையெல்லாம் கரைகிறதே என்று வானத்தைப் பார்த்து வண்டை வண்டையாக ஏசிவிட்டான். அந்தப் பள்ளத்தாக்கோ ஓடிலா என்ற மாயக்காரியுடையது. மழை அவளுக்குச் செல்லம். கேட்டாள், கொதித்தாள், கையை அசைத்தாள். பேச்சிமுத்து உப்புச் சிலையாகி மலைமேல் இருந்த கோட்டை வாசலில் போய் நின்றான்.

இருளாயி ஓடிப்போய் ஓடிலாவின் காலில் விழுந்தாள். என் மனுஷனைத் திருப்பிக் கொடு என்று அழுதாள். ஜெர்மன்காரிக்குத் தமிழ் புரிந்ததா என்றால், மாயக்காரிக்கு இதெல்லாம் ஒரு பாடா?

"பொழுது சாயறதுக்குள்ளே என் பள்ளத்தாக்கைச் சுத்திப் பாரு. கடைசியிலே கோட்டைக்கு வா. வழியிலே மழையை ஒரு வார்த்தை ஏசினாலும், நில்லுன்னு சொன்னாலும், உன் புருஷனை மறந்துடு" என்றாள் ஓடிலா. வழிகாட்டத் தன் பூனையையும் அனுப்பினாள்.

பூனைக்கு மழை ஆகுமா? காலை உதறிக்கொண்டே நடந்தது. முதலில் ஊருக்குள் கூட்டிப்போனது. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் அடித்த வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. கூரையெல்லாம் கறுப்புக் கல் ஓடு. மழை பட்டு அயிரை மீன் முதுகு மாதிரி மின்னியது. ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூத்தொட்டி. இருளாயி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

சீ, என்ன மழை இது என்றது பூனை.

"பெய்யட்டும்" என்றாள் இருளாயி.

அவள் கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். அந்த ஊரில் மழை வந்தால் யாரும் வீட்டுக்குள் ஓட மாட்டார்கள். வாய் தவறி யாராவது 'போதும்' என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் ஒரு மாசத்துக்கு யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

அடுத்தது திராட்சைத் தோட்டம். செங்குத்தான மலை, ஆடு ஏறவே யோசிக்கும். அதில் படிப்படியாகக் கல் அடுக்கிக் கொடியை ஏற்றியிருந்தார்கள். இதைக் கட்டிய கைகளைக் கும்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு பழத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. சீ, என்ன மழை இது என்று பூனை மறுபடியும் முனகியது. அவள் ஈரப் புடவையைப் பிழிந்து சொருகிக்கொண்டு, "பெய்யட்டும்" என்றாள்.

மூன்றாவது, கோட்டை. ஏறி நின்று பார்த்தால் கீழே ஆறு மலையையே சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. மேகம் ஆற்றின்மேல் இறங்கித் தவழ்கிறது. இப்படி ஒரு அழகா என்று மலைத்துப்போய் அவள் திரும்பினாள். வாசலில் பேச்சிமுத்து நின்றான். மழையில் கரைந்துகொண்டு நின்றான். மூக்கு தெரியவில்லை, முகம் வழிந்து ஓடுகிறது.

"பாத்தியா? ஒரே ஒரு தடவை நில்லுன்னு சொல்லு. சத்தியமா நின்னுரும்" என்றது பூனை.

இருளாயி வானத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் புருஷனை மறக்க வேண்டும். சொல்லாவிட்டால் கண்ணெதிரே கரைந்துபோவான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சிலையைக் கட்டிக்கொண்டு மழையிடம் பேசினாள்.

"பெய்யட்டும். உன்னைப் போன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை, தாயி. ஆனா பாத்துப் பெய்யி. உள்ளே என் மனுஷன் இருக்கான்" என்று சொல்லி ஏங்கி ஏங்கி அழுதாள்.

கொட்டியது பாருங்கள் மழை, அப்படி ஒரு மழை! உப்பு பாளம் பாளமாகச் சரிந்தது. அவள் கன்னத்தில் ஏதோ சுடச்சுடப் பட்டது. பார்த்தால் ஒரு காது. பிறகு ஒரு தோள். உப்பு ஓட்டுக்குள்ளேயிருந்து முழுசாகப் பேச்சிமுத்து வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே அவள் கையைப் பிடித்தான். மழையை நிறுத்தியிருந்தால் அவன் காலத்துக்கும் உப்பாகவே நின்றிருப்பான்.

ஓடிலா எதிரே வந்து நின்றாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. பொன் வேண்டுமா, பட்டு வேண்டுமா, கேள் என்றாள்.

"அவரு இன்னும் எதையுமே பாக்கலை, தாயி. மழை விடறதுக்குள்ளே கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டிட்டு வந்திடறேன்" என்றாள் இருளாயி.

போனார்கள், பார்த்தார்கள், தொப்பலாக நனைந்தார்கள். அங்கே அவர்கள் சுகம். கதை கேட்ட நாமும் இங்கே சுகம்.