டெல்பின் கொடுத்த வாக்கு

முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்; பாதியிலேயே யார் பக்கமும் சாய்ந்துவிட வேண்டாம்.

குமரிக் கடற்கரை ஊர் ஒன்றில் டெல்பின் என்ற பெண் இருந்தாள். அவள் கணவன் ரெக்சனுக்கு குவைத்தில் மீன்பிடிப் படகில் வேலை. அவர்களுக்கு முதல் பிள்ளையாக ஆக்னஸ் பிறந்தாள். குழந்தையைத் துடைத்த நர்ஸ்தான் முதலில் கவனித்தார். ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் மூடியிருந்தது. மலம் வெளியேற வழியே இல்லை.

அறுவை மருத்துவர் மங்கையர்க்கரசி டெல்பினை உட்காரவைத்து விளக்கினார். கருவில் உறுப்புகள் உருவாகும்போதே நேர்ந்துவிடும் குறை இது, தாய் உண்டதாலோ செய்ததாலோ வந்ததல்ல என்றார். இதோடு வேறு குறைகளும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். முதலில் வயிற்றில் குடலைத் திறந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்கள். குழந்தை தேறியதும் உரிய இடத்தில் வழி அமைப்பார்கள். அது ஆறிய பிறகு வயிற்றுத் திறப்பை மூடிவிடுவார்கள்.

செய்தி கேட்டு ரெக்சன் போனில் அழுதான். அழுது ஓய்ந்தபின் ஒன்று கேட்டான். "யாருக்கும் தெரியக் கூடாது டெல்பின். பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஊரு அவள இத வச்சே கூப்பிடும்."

டெல்பின் சத்தியம் செய்துகொடுத்தாள்.

அதைக் காப்பாற்ற ஊரை விட்டு, நகரத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தாள். பெற்ற தாயைக்கூட வந்து தங்க விடவில்லை. கல்யாணம், ஞானஸ்நானம் எதற்கும் போகவில்லை. பை எப்போது கசியும் என்று சொல்ல முடியாது. புது வழி அமைத்த பிறகு, அது சுருங்கிவிடாமல் இருக்க, வழவழப்பான உலோகக் கம்பியை அன்றாடம் உள்ளே விட்டு எடுக்க வேண்டியிருந்தது. நாள் செல்லச் செல்ல இன்னும் தடித்த கம்பியாக மாற்ற வேண்டும். மருத்துவர் கற்றுக்கொடுத்தபடியே அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். பிள்ளை வீறிட்டு அழும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, கைக்குழந்தையை இப்படியா அடிப்பது என்று கேட்டாள். டெல்பின் உண்மையைச் சொல்லாமல், இனிமேல் அடிக்க மாட்டேன் என்றாள். அதன்பின் அந்தத் தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை.

ஆக்னஸ் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, பரிசோதனைக்குப் போன இடத்தில் மருத்துவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். வார்டில் ஒரு குழந்தை, ஆக்னஸுக்கு இருந்த அதே குறை. வயிறு உப்பிக்கொண்டே வருகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது. தாய் சுபிதா அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை வளர்ந்து என்ன வாழ்வு வாழும், வீட்டுக்கே கொண்டுபோய்விடுவோம் என்கிறாள் மாமியார்.

"உங்க பேரை நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றார் மருத்துவர். "நீங்களா வந்து பேசினா அந்தப் பொண்ணு நம்புவா. இன்னைக்கு விட்டா குழந்தை தாங்காது."

டெல்பின் ரெக்சனை அழைத்துப் பார்த்தாள். அவன் கடலில் இருந்தான்; இணைப்புக் கிடைக்கவில்லை. மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, நர்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"எனக்க பிள்ளைக்கும் இதுதான்" என்றாள்.

சுபிதா தலை நிமிரவில்லை. "உயிரோட இருக்கா?"

"வெளிய பெஞ்சுல இருக்கா."

டெல்பின் எதையும் மறைக்கவில்லை. இன்றும் தினசரி மருந்துத் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவ வேண்டும், சில நாள் உடையில் கறை படும், பள்ளிக்கு மாற்றுத்துணி கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள். ஓடுகிறாள், பாடுகிறாள், கூடப் படிக்கும் பிள்ளைகளோடு சண்டையும் போடுகிறாள் என்றாள். சுபிதா எழுந்து கதவு வழியே அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சம்மதித்தாள். குழந்தை பிழைத்தது.

சுபிதாவின் மாமியாருக்கு டெல்பினின் பக்கத்து ஊர். பேச்சு கரையெல்லாம் பரவி, குவைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ரெக்சன் அழைத்தான், சத்தம் போடவில்லை.

"அந்தப் பிள்ள பொழச்சதுல எனக்கும் சந்தோசம்தான். ஆனா நீ எடுத்துக் குடுத்தது ஒனக்க ரகசியம் இல்ல, ஆக்னஸுக்க ரகசியம். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அதன்பின் பல நாள் அவன் அழைக்கவில்லை.

வந்து பேசும்படி கேட்ட மருத்துவர், வாக்கை மீறிய டெல்பின், அதற்காக வருந்திக் கோபித்த ரெக்சன். இதில் யார் செய்தது சரி?

விடை: மருத்துவர் தம் வாயால் ரகசியத்தைச் சொல்லவில்லை, முடிவை டெல்பினிடமே விட்டார். அவர்மேல் குற்றமில்லை. ஆனாலும் சரியாகச் செய்தவள் டெல்பின்தான். கணவனின் கோபத்தைப் பிறகு ஆற்றலாம், அந்தக் குழந்தைக்குப் பிறகு என்பது இல்லை. ரெக்சனின் கேள்வி நியாயமானது. ஆயினும் ரகசியத்தைப் பூட்டிவைத்த நாளிலிருந்து அவனும் மகளைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை மகளிடம் கொண்டுபோனவளும் டெல்பினே. ஒரு காலையில் பள்ளிக்குத் தலை பின்னிவிட்டபடி அந்தக் குழந்தையின் கதையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னது தப்பா என்றும் கேட்டாள். ஆக்னஸ் தலையைத் திருப்பி, "அப்போ இப்படி இருக்கது நான் மட்டும் இல்லியா அம்மா?" என்று கேட்டாள்.