ரைட்டு சொன்ன வாத்தியாரு

பிரேக்கு மேல கால வச்சு சத்தியமாச் சொல்லுதேன். இதுல ஒரு சொல்லுகூட பொய் கெடையாது. பொய்யின்னா என் வண்டி ஏத்தத்துல நின்னு போகட்டும். தெனமும் நிக்கத்தான் செய்யுது, அது வேற விஷயம்.

நான் மினி பஸ் டிரைவரு. என் கண்டக்டரு சவரிமுத்து. வயசு முப்பது. எட்டாப்பு பெயிலு. இந்தக் கதையில குரு அவந்தான்.

சிஷ்யன் அருணகிரி சாரு. வயசு அறுபத்திமூணு. முப்பது வருசம் இங்கிலீசு வாத்தியாரா இருந்து ரிட்டயரானவரு.

ஒருநாள் டீக்கடை ஸ்டாப்புல வண்டி நிக்கி. சாரு பின்படியில ஏறி நின்னுக்கிட்டு கேட்டாரு.

"சவரி, வண்டி எடுக்கதுக்கு ஏன்டே 'ரைட்டு'ன்னு சொல்லுத?"

"இங்கிலீசு நீங்கதான சார்."

"அதனாலதான் கேக்கேன். நாலு மாசமா இந்த ஒரு சொல்லத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். வலது கைக்கு ரைட்டு. சரியான விடைக்கு ரைட்டு. உரிமைக்கு ரைட்டு. செங்கோணத்துக்கும் ரைட்டு. வேரத் தேடிப் போனா, நேராப் போறதுங்கிற எடத்துல போயி முட்டுது. கெளம்புன்னு மட்டும் ஒரு புஸ்தகத்துலயும் இல்ல."

"நேராப் போன்னுதான சார் நானும் சொல்லுதேன்."

"அடுத்த பாலத்துல வளைஞ்சுல்லா போறீங்க."

சவரி தலையச் சொறிஞ்சான். குருன்னா சொறியக்கூடாதுன்னு சட்டமா இருக்கு.

"நாலு மாசமா இதேவா சார்? வீட்டுல வேற சோலி ஒண்ணும் இல்லையா?"

சாரு வெளிய பாத்தாரு.

வீட்டுல சோலி இருந்துச்சு. அவரு பொண்ணு செண்பகத்துக்கு டேராடூன்ல வேல கெடச்சு நாலு மாசம். மரம் செடி ஆராய்ச்சி. அம்மா இல்லாத பிள்ள. அப்பா ஒரு வார்த்த சொன்னாத்தான் போவேன்னு பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சாரு தெனமும் "பாப்போம்"ங்காரு. அன்னைக்குச் சாயங்காலம் ரயிலு. அத விட்டா வேல அடுத்த ஆளுக்கு.

இது ஊருக்கே தெரியும். சவரிக்கு மொதல்ல தெரியும்.

பயலு பட்டுன்னு கீழ எறங்கிட்டான்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க சார். அண்ணாச்சி, சார் சொன்னாத்தான் வண்டி எடுக்கணும்."

எனக்கு என்ன வந்துச்சு. யாரு சொன்னாலும் எடுப்பேன். எனக்குப் பின்னாடி கண்ணா இருக்கு?

சனம் எல்லாம் ஏறியாச்சு.

சாரு சொல்லல.

ஆரன் அடிச்சேன்.

"இருப்பா. மழ வரும்போல இருக்கு."

இருந்தேன்.

"பாலத்து வளைவுல எதுக்க லாரி வந்துட்டா?"

கூடையோட உக்காந்திருந்த மீன்காரி அந்தோணியம்மா சொல்லுச்சு. "சார், மீனு நாறுதுக்குள்ள சொல்லிருங்க."

"டிரைவரு, டயரெல்லாம் நல்லாருக்கா?"

"என் கல்யாணத்துக்கு முந்தி மாத்துனது சார்."

"ஒனக்கு எப்பம் கல்யாணம்?"

"இன்னும் ஆவல."

சாரு வாய இன்னும் இறுக்க மூடிக்கிட்டாரு.

சவரி கீழ நின்னு டீய ஊதிக்கிட்டே சொன்னான். "சார், ரோட்டப் பாக்கது அண்ணாச்சி சோலி. வளைவுல என்ன வரும்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க படியப் பாருங்க."

"படியில என்ன இருக்கு?"

"ஏறுனவங்க காலு உள்ள இருக்கா?"

"இருக்கு."

"சேல, துண்டு எதுவும் கதவுல மாட்டியிருக்கா?"

"இல்ல."

"எறங்க வேண்டியவங்க எறங்கியாச்சா?"

"ஆச்சு."

"அம்புட்டுதான் சார். நானும் பதினோரு வருசமா அம்புட்டுதான் பாக்கேன்."

சாரு படியவே பாத்துக்கிட்டு நின்னாரு. எம்புட்டு நேரம்னா, சவரி டீயில பாதி காலி.

அப்புறம் சட்டப் பையிலேருந்து போன எடுத்தாரு. காது கொஞ்சம் மந்தம், அதனால ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. பஸ்ஸே கேட்டுச்சு.

"செண்பகம், சுவெட்டரு எடுத்து வச்சியா?"

"வச்சுட்டேன்ப்பா."

"சர்ட்டிபிகேட்டு?"

"பெட்டியில இருக்கு."

"டிக்கெட்டு?"

"கையிலயே வச்சிருக்கேன். ஏன்ப்பா? எங்க இருக்கீங்க?"

சாரு பஸ்ஸுத் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுனாரு.

"ரைட்டு."

போன்ல அந்தப் பிள்ள சிரிச்சுச்சா அழுதுச்சான்னு எனக்குக் கேக்கல. நான்தான் வண்டிய எடுத்துட்டேனே.

"ஹோல்டான், அண்ணாச்சி, ஹோல்டான்."

கண்ணாடியில பாத்தா, டீ கிளாசோட குரு ஓடி வாரான். டீ அவன் சட்டையில இருக்கு. பஸ்ஸு முழுக்கச் சிரிப்பு. அந்தோணியம்மா கூடையப் பிடிச்சுக்கிட்டு குலுங்குது.

வண்டிய நிறுத்துனேன். சாரு கைய நீட்டி அவன உள்ள இழுத்துப் போட்டாரு. கிளாச வாங்கி, பின்னாலயே ஓடி வந்த டீக்கடக்காரன் கையில குடுத்தாரு. அப்புறம் குனிஞ்சு சவரி காலப் பாத்தாரு.

உள்ள இருந்துச்சு.

"ரைட்டு"ன்னாரு. இந்தத் தடவ தட்டுன தட்டுல தகரம் கொஞ்சம் நெளிஞ்சுபோச்சு.

அடுத்த ஸ்டாப்பு சாரு வீடு. அங்க பெட்டியோட நின்னு கை காட்டுனது யாருன்னு நான் வாயத் தொறக்கணும்னா, ஒரு டீ, ரெண்டு உளுந்தவட ஆகும். வட சூடா இருக்கணும்.