நெய்ப்பந்தம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு நாற்பத்தைந்து. சினிமாவில் இப்படியும் நடக்கும். மங்கை இயக்குநர். பொற்கோ வங்கி வேலையை உதறிவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர்.

படம், தாத்தாவை இழந்த ஒரு சிறுமியைப் பற்றியது. அன்று சாவு வீட்டுக் காட்சி. குச்சியில் சுற்றிய துணியை நெய்யில் நனைத்துக் கொளுத்தி, பேத்தி தாத்தாவின் உடலைச் சுற்றி வர வேண்டும். பேத்தியாக நடித்த அமுதினி சுற்றினாள். பந்தத்தில் பொறி பறந்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மங்கை கேமராவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொற்கோவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“கட்!”

உதவியாளர் சொல்லக்கூடாத சொல் அது. பாடையில் கிடந்த நடிகர் ஒரு கண்ணைத் திறந்தார். “இன்னும் எவ்வளவு நேரம்பா நான் செத்துக் கிடக்கணும்?”

பொற்கோ குருவிடம் ஓடினார். “மேடம், இவளோட நிஜத் தாத்தா போன மாசம்தான் தவறிப்போனாரு. காதுல அதை ஞாபகப்படுத்துறேன். கண்ணு தானா கொட்டும்.”

மங்கைக்கு முகம் வாடிப்போனது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்கண்ணே. நீங்க நெய்ப்பந்தம் பிடிச்சிருக்கீங்களா?”

“எங்க தாத்தாவுக்குப் பிடிச்சேன். எட்டு வயசு.”

“எப்படி இருந்துச்சு?”

“மத்தாப்பு மாதிரி...” பொற்கோ நாக்கைக் கடித்துக்கொண்டார். “குதிச்சேன். அத்தை முதுகுல ஒண்ணு வெச்சாங்க.”

“அழுதீங்களா?”

“அடிக்கு அழுதேன்.”

“தாத்தாவுக்கு?”

இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பொற்கோ யோசித்தார்.

“அந்த வருஷம் எங்க வீட்டுல தீபாவளி இல்லை. அடுத்த வருஷம் கையில மத்தாப்பைக் குடுத்தாங்க. எனக்குப் பயம். எப்பவும் தாத்தாதான் மணிக்கட்டைப் பிடிச்சுக்குவாரு... அன்னிக்குத்தான் அழுதேன்.”

பொற்கோ தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அமுதினி அணைந்த பந்தத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அங்கிள், இன்னொரு தடவை சுத்தலாமா?”

பொற்கோ குனிந்தார். அவள் காது பக்கத்தில்தான் இருந்தது. நிமிர்ந்துவிட்டார்.

“இவகிட்ட இப்ப என்ன சொல்றது மேடம்?”

“பந்தத்தைக் கொளுத்திக் குடுங்கண்ணே. அவளுக்கு இன்னும் தீபாவளி வரலை.”