புளியங்கன்றில் சுற்றிய செம்புக்கம்பி

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. வழக்கு சிக்கலாவதே அதனால்தான். காது கொடுத்துக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கோவில்பட்டியில் இசக்கிராஜன் என்று ஒரு வயர்மேன் இருந்தான். தம்பி சங்கரபாண்டிதான் அவனுக்குக் கையாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் இசக்கிராஜனுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை மறக்கவோ என்னவோ, ஆளுக்கு மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்ப் பைத்தியம் பிடித்தது. சுத்தக் கற்றுக்குட்டி. முதலில் வைத்த அரசங்கன்றுக்குப் பாசம் பொங்கி வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, வேரை அழுகவிட்டான். அடுத்தது ஒரு புளியங்கன்று. அடியில் ஓட்டை போட்ட தட்டைத் தொட்டி, மணல் கலந்த மண், விரலை விட்டுப் பார்த்து ஈரம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்று இந்தத் தடவை புத்தியாக இருந்தான். கன்றும் தளிர்த்தது.

தண்டை வளைக்கக் கம்பி சுற்ற வேண்டும் என்று நர்சரிக்காரர் சொல்லிக்கொடுத்தார். சங்கரபாண்டியும் பக்கத்தில் நின்றான். கம்பியை எடுக்கும்போது சுற்றைப் பிரிக்கக் கூடாது, பட்டை உரிந்து வந்துவிடும், துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் கேட்டார்கள். இசக்கிராஜன் வேலையில் மிஞ்சிய செம்புக்கம்பியைக் கொண்டுவந்து சுற்றினான். புதுக் கை அல்லவா, கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றிவிட்டான். மனைவி செண்பகவல்லியிடம் அவன் சொன்னது ஒன்றுதான். மழை பிடிப்பதற்குள் கம்பியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பருத்துக் கம்பி உள்ளே இறங்கிவிடும். "நான் மறந்தாலும் நீ மறந்துராத" என்றான். அவளும் சரி என்றாள்.

மழைக்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் பல்பு கட்டும்போது மாடியிலிருந்து விழுந்தவன், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துபோனான்.

காரியம் கழிந்த பிறகு செண்பகவல்லி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தாள். மாமியார் உலகம்மாள் ஓடிவந்து தொட்டியைக் கட்டிக்கொண்டாள். அவன் விரல் சுற்றியது சுற்றியபடி இருக்கிறது, அதையும் அறுத்துப் போடப் பார்க்கிறாயா என்று கதறினாள். அன்றோடு சோற்றுப் பக்கமே திரும்பவில்லை. கண் சொருகிப் படுத்துக் கிடந்தவள், சின்ன மகனின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கம்பியில கை வைக்க மாட்டேன்னு சொல்லுலே. அப்பதான் சாப்பிடுவேன்."

சங்கரபாண்டி சத்தியம் செய்தான். பெற்றவள் பட்டினி கிடந்து சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? கிழவி மருமகளையும் கேட்டாள். அவள் மட்டும் முடியாது என்றுவிட்டாள். கட்டினவனுக்கு ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்தாயிற்று என்றாள். மகனின் சத்தியத்தை நம்பிக் கிழவி எழுந்து சாப்பிட்டாள், ஆனால் மருமகளைத் தொட்டிப் பக்கம் அண்டவிடாமல் காவல் இருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. கன்று தண்ணீர் குடித்துப் பருத்தது. கம்பி பாதிக்கு மேல் பட்டைக்குள் புதைந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சங்கரபாண்டி அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவான்.

ஒருநாள் உலகம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சங்கரபாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். முற்றத்தில் மதினி செண்பகவல்லி கம்பியின் நுனியைப் பிடித்து, மெதுவாகச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றுவிட்டான்.

"நறுக்கினா சீக்கிரம் முடிஞ்சிரும் தம்பி" என்றாள் அவள், நிமிராமலே. "ஆனா அத்தை தாங்க மாட்டாக. உங்க அண்ணன் சுத்துனபடியே முழுசா எடுத்து அவுக கையில கொடுத்துருவேன்."

நர்சரிக்காரர் சொன்னது அவன் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மதினி நறுக்கிவிடுவாள். துண்டுகளைப் பார்த்தால் அம்மா மறுபடியும் படுத்துக்கொள்வாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாள். நமக்கெதற்கு வம்பு, நான் சத்தியம் பண்ணினவனாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆனாலும் எழுந்து வெளியே வரவில்லை.

கம்பி முழுசாக வந்தது. தண்டைச் சுற்றிப் பச்சைப் பட்டையும் அதோடு உரிந்து வந்தது. புளிய இலை சாயங்காலம் மூடிக்கொள்ளும், காலையில் விரியும். அதற்குப் பிறகு ஒரு காலையில் அது விரியவே இல்லை. உலகம்மாள் அந்தக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"செத்த எம் பிள்ளைய நீ ரெண்டாந் தடவையா கொன்னுட்டியே."

 ஆமாம் என்றுதான் செண்பகவல்லியும் நினைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். மகன் கைப்பட்டதைத் தொடவிட மாட்டேன் என்ற தாய். புருஷனுக்குக் கொடுத்த வாக்கையும் மாமியார் மனசையும் சேர்த்துக் காக்கப் பார்த்த மருமகள். பெற்றவளுக்குச் செய்த சத்தியத்தை மீறாத தம்பி. இந்த மரத்தின் சாவு யார் தலையில் விழும்?

என்னைக் கேட்டால், தாய்க்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பிடிவாதத்தை எந்தச் சபையில் நிறுத்தி விசாரிப்பது? மருமகளுக்குப் பாதிதான் தெரியும். முழுசும் தெரிந்தவன் சங்கரபாண்டி ஒருவன். கை வைக்க மாட்டேன் என்றுதான் அவன் சத்தியம் செய்தான். வாய் திறக்க மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பழி அவனுடையதுதான். இது அவனுக்கும் தெரியும். செண்பகவல்லி ஒரேயடியாகத் தாய்வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனவன் அவன். பஸ் வர வெகுநேரமாயிற்று. "எங் கைதான் தம்பி, விளங்காத கை" என்றாள் அவள். அப்போதும் அவன் சொல்லவில்லை.